காரம் பாகில் இருக்கட்டும்: அன்னாசி மிளகாய் டைக்கிரி

கடற்கரையில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய அன்னாசித் துண்டைத் தின்றவருக்கு இந்தப் பானத்தின் ருசி பாதி தெரிந்ததுதான். அதே புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ரம்மோடு சேர்ந்து, குளிர்ந்து, ஒரு கிளாசுக்குள் வர வேண்டும். அதற்கான வழி இந்த அத்தியாயத்தில்.

இதன் எலும்புக்கூடு கியூபாவுடையது. ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றையும் ஐஸோடு சேர்த்துக் குலுக்கினால் டைக்கிரி. சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்றொரு ஊர். அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898 வாக்கில் இதை முதலில் கலந்ததாகச் சொல்வார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளைகிற தீவில் அதற்கு முன்பு யாருமே கலக்காமலா இருந்திருப்பார்கள்? பெயர் மட்டும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த மூன்றோடு அன்னாசியும் மிளகாயும் இஞ்சியும் சேர்வது நம் பானம்.

இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுக்கிறார்கள். பச்சை மிளகாயை நறுக்கி, கிளாசில் போட்டு, நசுக்கி, மேலே ரம்மை ஊற்றிவிடுகிறார்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் லேசில் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் முதல் வாய் சாதுவாக இருக்கும், நடுக் கிளாசில் நாக்கு சுடும், கடைசி வாயை யாரும் குடிக்க மாட்டார்கள். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதி: மிளகாய் ரம்மைத் தொடக் கூடாது. காரத்தைச் சர்க்கரைப் பாகில் இறக்கி, மிளகாயை எடுத்து எறிந்துவிட்டு, பாகை அளந்து ஊற்ற வேண்டும்.

தொடங்கும் முன்

தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால் அங்குள்ள சட்டத்தைப் பாருங்கள்.

சீல் உடைக்காத பாட்டிலை, உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். 'நல்ல சரக்கு, பாதி விலை' என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. மிளகாயும் இஞ்சியும் சேர்ந்த பானத்தில் சந்தேகப்படக்கூட இடமிருக்காது.

கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற மருந்தில் இருப்பவர்கள் குடிக்க வேண்டாம். கடைசிப் பகுதியில் அவர்களுக்கு ரம் இல்லாத வகை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வயிற்றுப்புண்ணும் நெஞ்செரிச்சலும் இருப்பவர்களுக்கு ரம், எலுமிச்சை, மிளகாய் மூன்றுமே பகை.

என்னென்ன வேண்டும்

ஒரு கிளாசுக்கு:

- ரம்: 45 மி.லி.
- அன்னாசிச் சாறு: 45 மி.லி.
- எலுமிச்சைச் சாறு: 20 மி.லி.
- மிளகாய் இஞ்சிப் பாகு: 15 மி.லி.
- உப்பு: இரண்டு விரலில் எடுக்கும் அளவு
- ஐஸ்: கைகொள்ளும் அளவு, அதற்கு மேலும்

கண்ணளவில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தப் பானம் ஒரு நாளும் கைகூடாது. எலுமிச்சையில் 5 மி.லி. கூடினாலே பல் கூசும். கடைகளில் கிடைக்கும் 30, 60 மி.லி. எவர்சில்வர் பெக் மெஷர் போதும். அதுவும் இல்லாவிட்டால் இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மி.லி., ஒரு டேபிள்ஸ்பூன் 15 மி.லி.

ஷேக்கர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. திருகு மூடி இறுக்கமாகப் பிடிக்கும் வாயகன்ற பாட்டில் எதுவானாலும் சரி, ஊறுகாய் இருந்ததைத் தவிர. பெருங்காய வாசனை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது. கண்ணாடிப் பாட்டிலானால் வெந்நீரில் கழுவிய சூட்டோடு ஐஸைப் போடாதீர்கள், விரிசல் விடும். வடிகட்ட டீ வடிகட்டி.

ரம் எது?

இந்தியாவில் விற்கும் ரம் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்தது, 42.8 சதவீத ஆல்கஹால் என்று லேபிளில் இருக்கும். கறுப்பு ரம், வெள்ளை ரம் இரண்டிலும் செய்யலாம், ருசி வேறு வேறு. ஓல்ட் மாங்க் போன்ற கறுப்பு ரம்மில் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் தூக்கலாகத் தெரியும்; கிராம்பு, இஞ்சியோடு நன்றாகச் சேரும்; ஆனால் அன்னாசியைக் கொஞ்சம் அமுக்கிவிடும். வெள்ளை ரம் விலகி நின்று பழத்தையும் மிளகாயையும் பேசவிடும்.

முதல் முறை செய்கிறவர்கள் வெள்ளையில் தொடங்குங்கள் என்பேன். பிசகு எங்கே என்று உடனே தெரியும். கை பழகியபின் கறுப்பு ரம்மையும் நாட்டுச் சர்க்கரைப் பாகையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு அதுதான் பிடித்தது. 'ஸ்பைஸ்டு' என்று போட்டிருக்கும் ரம்மானால் மசாலா அதில் ஏற்கெனவே இருக்கிறது, பாகில் கிராம்பும் பட்டையும் வேண்டாம். விலை உயர்ந்த, வருடக்கணக்கில் பீப்பாயில் முதிர்ந்த ரம்மை இதில் ஊற்றுவது வீண்.

மிளகாய் எது?

கரீபியத் தீவுகளில் இதற்கு ஸ்காட்ச் பானெட் போடுவார்கள். பழ வாசனை அபாரம். காரம், உறைப்பை அளக்கும் ஸ்கோவில் கணக்கில், 1,00,000-க்குக் குறையாது, சில காய்கள் 3,00,000-ஐயும் தாண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அதன் நெருங்கிய உறவான நை மிரிஸ் சந்தையிலேயே கிடைக்கும். கால் பழம் போதும்.

மற்றவர்களுக்கு நீளமான பச்சை மிளகாயே சரி. பச்சை வாசனையும் மிதமான உறைப்பும் அன்னாசிக்குப் பொருந்தும். காந்தாரி மிளகாய் சின்னதாக இருக்கிறதே என்று கையை நீட்டிவிடாதீர்கள். பச்சை மிளகாய் இரண்டு போடும் இடத்தில் காந்தாரி ஒன்று. காய்ந்த குண்டு மிளகாயை வெறும் சட்டியில் லேசாக வறுத்துப் போட்டால் புகை வாசனை வரும். கறுப்பு ரம்மோடு சேரும், வெள்ளையோடு சேராது.

விதையில்தான் காரம் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்போம். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் காரம் அதிகம். சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டால் வாசனை தங்கி, சூடு பாதியாகும்.

பாகு காய்ச்சுதல்

இதுவே இந்த அத்தியாயத்தின் முக்கிய வேலை. குலுக்குவது கால் நிமிடம். பாகு அரை மணி நேரம். முதல் நாளே காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

தேவை: சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 200 மி.லி., தோல் சீவிய இஞ்சி 25 கிராம், கிராம்பு 3, ஒரு விரல்கடை நீளப் பட்டை, பச்சை மிளகாய் 2.

1. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விரல்களில் சமையல் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாயை நீளவாக்கில் கீறி, சவ்வையும் விதையையும் எடுத்துத் தனியே வையுங்கள்.

2. இஞ்சியைத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் பாகு கலங்கி, அடியில் மாவு தங்கும்.

3. சர்க்கரை, தண்ணீர், இஞ்சி, கிராம்பு, பட்டை ஐந்தையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றுங்கள். ஒரு கொதி வந்து சர்க்கரை கரைந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம்.

4. அடுப்பை அணையுங்கள். இங்கேதான் நம் சமையலறைப் பழக்கம் காலை வாரும். பாகு என்றதும் அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பார்ப்பதுபோலக் கம்பிப் பதம் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பிசுக்குப் பதம்கூட வரக் கூடாது. சர்க்கரை கரைந்த தண்ணீராக, நீர்க்க இருக்க வேண்டும். பதம் முற்றினால் ஐஸில் பட்டதும் கட்டியாகி ஷேக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கைதவறி முற்றிவிட்டால் வெந்நீர் கொஞ்சம் விட்டு மீண்டும் இளக்கலாம்.

5. இப்போது மிளகாயைப் போட்டு மூடுங்கள். தீயில் இருக்கும்போது போட்டால் பச்சை வாசனை போய், வெந்த மிளகாய் வாசனை வந்துவிடும். நெடியும் வீடு முழுக்க ஏறும்.

6. ஐந்து நிமிடம் கழித்து முதல் சோதனை. பாகை அப்படியே நக்கிப் பார்த்தால் ஏமாறுவீர்கள். இனிப்பு காரத்தை மறைக்கும். ஒரு டீஸ்பூன் பாகை ஒன்பது டீஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கலந்து ஒரு வாய் குடியுங்கள். கடைசியில் கிளாசில் பாகு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கப் போகிறது. குடித்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். காரம் உடனே தெரியாது, தாமதித்துத்தான் ஏறும்.

7. தொண்டையில் ஒரு கதகதப்பு தெரிந்தால் போதும், மிளகாயை எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். கால் மணி நேரம் ஆகியும் காரம் போதவில்லையென்றால், எடுத்து வைத்த சவ்வில் ஒரு துண்டைப் போடுங்கள். ஒரே செடியில் பறித்த இரண்டு காய்களே ஒரே மாதிரி உறைப்பதில்லை. கடிகாரத்தை நம்பாமல் நாக்கை நம்புங்கள்.

8. வடிகட்டி, ஆறவிட்டு, கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றி, 'மிளகாய்ப் பாகு' என்று எழுதித் தேதியும் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எழுதாவிட்டால் மறுநாள் காலை யாராவது அதை எலுமிச்சைச் சாற்றில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் தாங்கும். கலங்கினாலோ நூல் விட்டாலோ நுரைத்தாலோ கொட்டிவிடுங்கள்.

சோதனையில் தண்ணீருக்குப் பழகிய நாக்கு, ரம் சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம் சுடும். ஆல்கஹாலே வாயில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அதனால் தண்ணீரில் 'இன்னும் ஒரு படி இருந்திருக்கலாம்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதே கணக்கு.

இனிப்பால் காரத்தை அடக்கும் இந்த வேலை புதிதல்ல. 1912-இல் அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாயின் உறைப்பை அளக்க முனைந்தபோது மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்தார். அந்தச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை மேலும் மேலும் சேர்த்து, சுவைத்துப் பார்ப்பவர்களுக்கு உறைப்பே தெரியாத வரை நீர்த்துப்போகச் செய்தார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே அந்த மிளகாயின் எண்.

*குறிப்பு: கிராம்பை மூன்றுக்கு மேல் போடாதீர்கள். நாக்கு மரத்துப்போய் அன்னாசி ருசியே தெரியாது.*

*குறிப்பு: நாட்டுச் சர்க்கரையானால் கரைந்ததும் ஒருமுறை துணியில் வடிகட்டிவிட்டு மற்றதைச் சேருங்கள், மண் இருக்கும். கொஞ்சம் உப்புச் சுவையும் இருப்பதால் கிளாசில் தனியாக உப்பு வேண்டாம்.*

மிளகாயை ரம்மிலேயே ஊறப் போட்டால்?

ரியூனியன் தீவில் ரம்மில் வெனிலா, அன்னாசி, லிச்சி, மசாலா என்று எதையாவது போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது வீட்டுக்கு வீடு நடக்கும். ரும் அரான்ழே என்று பெயர். பழத்துக்கும் வெனிலாவுக்கும் அந்தப் பொறுமை தேவை. மிளகாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ரம் சில மணி நேரத்திலேயே காரத்தை உறிஞ்சிவிடும், ஏறிய காரம் இறங்காது. ஆசை விடாதவர்கள் முழுப் பாட்டிலில் கைவைக்காமல் 100 மி.லி. ரம்மைத் தனியே ஊற்றி, சவ்வு எடுத்த ஒரு மிளகாயைப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ருசி பாருங்கள். மீறிப்போனால் மீதி ரம்மைச் சேர்த்து நீர்க்கச் செய்யலாம்.

சாறுகள்

அன்னாசியை அடிப்பக்கம் முகர்ந்து வாங்குங்கள். மணக்காத பழத்தில் சாறும் மணக்காது. கண்களை ஆழமாகச் சீவி, தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். புதுச் சாறு குலுக்கும்போது மேலே அழகான வெள்ளை நுரை கட்டும். அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் சிலருக்கு நாக்கை அரிக்கும். அதை மிளகாய்க் காரம் என்று நினைத்துக்கொண்டு பாகைக் குறைத்துவிடாதீர்கள். அப்படி அரிப்பவர்கள் சாற்றைக் கொதி வரும்வரை சூடாக்கி ஆறவைத்துக்கொள்ளலாம், மணம் கொஞ்சம் போகும். டப்பாச் சாற்றில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அப்போது எலுமிச்சையில் அரை டீஸ்பூன் கூட்டுங்கள். பாகைக் குறைத்தால் காரமும் குறைந்துவிடும்.

எலுமிச்சையை அன்றைக்கு அன்றே பிழியுங்கள். நடுத்தரப் பழம் ஒன்றில் 15 முதல் 20 மி.லி. வரும். தோல் நசுங்குமளவு பிழிந்தால் கசப்பு இறங்கும்.

*எச்சரிக்கை: பகலில் மொட்டை மாடியில் நின்று எலுமிச்சை பிழியாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளமும் கருந்தழும்பும் வரும். உள்ளேயே பிழிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.*

கலந்து குலுக்குதல்

ஐஸ் முதலில் நன்றாக இருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில், பெரிய கட்டிகளாக, மூடிய டப்பாவில் உறையவையுங்கள். மூடாத தட்டில் உறைந்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் மீனின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் பாள ஐஸ் மீனுக்கும் பழ வண்டிக்கும் உள்ளது, குடிப்பதற்கு ஆகாது.

1. கிளாசை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள்.

2. விளிம்புக்கு உப்பு வேண்டுமானால், இரண்டு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகாய்ப் பொடி, அரை டீஸ்பூன் சர்க்கரை கலந்து தட்டில் பரப்புங்கள். கிளாசின் வெளிவிளிம்பில், பாதி வட்டத்துக்கு மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, பொடியில் ஒற்றி எடுங்கள். உள்விளிம்பில் ஒட்டினால் பொடி பானத்தில் உதிர்ந்து, மூக்கில் ஏறி, இருமல் வரும். பாதி வட்டம் என்பது வேண்டாதவர் திருப்பிக் குடிப்பதற்காக.

3. ஷேக்கரில் முதலில் எலுமிச்சை, பிறகு பாகு, அன்னாசி, உப்பு. கலக்கி ஒரு சொட்டு ருசி பாருங்கள். புளிப்பும் இனிப்பும் சற்று ஓங்கித் தெரிய வேண்டும், ஐஸ் கரைந்து அடக்கிவிடும். சரியில்லையென்றால் இப்போதே திருத்துங்கள். கெட்டாலும் கொட்டப் போவது சாறுதான்.

4. ருசி சரியானபின் ரம்.

5. ஐஸை முக்கால் பாத்திரம் வரை நிரப்புங்கள். 'தண்ணியாகிவிடும்' என்று பயந்து இரண்டே கட்டி போடுகிறவர்களுக்குத்தான் பானம் தண்ணியாகும். குறைந்த ஐஸ் சீக்கிரம் கரையும். நிறைந்த ஐஸ் குளிரவைத்துவிட்டு நிற்கும்.

6. மூடி, இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி 12 முதல் 15 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். ஷேக்கர் வெளியே வியர்த்தால் போதும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஈரக் காற்று ஊர்களில் இரண்டாவது விநாடியே வியர்த்துவிடும், அதை நம்பாதீர்கள். விநாடியை எண்ணுங்கள்.

7. டீ வடிகட்டி வழியாகக் கிளாசில் ஊற்றுங்கள். குலுக்கிய ஐஸைக் கிளாசில் போடாதீர்கள், அது ஏற்கெனவே நொறுங்கிப் பாதி கரைந்தது. கிளாசில் ஐஸ் வேண்டுமென்றால் புதுக் கட்டி ஒன்று.

8. மேலே ஜாதிக்காயை இரண்டே இழுப்பு துருவுங்கள். கிரனடா தீவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. அந்தப் பக்கத்து ரம் பஞ்சுக்கு அது இல்லாமல் தீராது. வாசனைக்கு மட்டும், ஜாதிக்காய் அளவு மீறினால் உடம்புக்குக் கேடு.

அலங்காரத்துக்கு மிளகாய் வைப்பவர்கள் விளிம்பில் செருகுங்கள், உள்ளே விழ வேண்டாம். விழுந்தால் தொடக்கத்தில் சொன்ன கதை மறுபடியும் நடக்கும்.

*எச்சரிக்கை: மூடிய ஷேக்கரில் சோடாவையோ சூடான பாகையோ ஊற்றிக் குலுக்காதீர்கள். மூடி பறக்கும், கண்ணாடியானால் வெடிக்கும்.*

ருசி பிசகினால்

காரம் மீறிவிட்டதா? தண்ணீர் ஊற்றுவது பிரயோஜனமில்லை. அன்னாசிச் சாறும் சாதாரணச் சர்க்கரைப் பாகும் கூட்டுங்கள், இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய்ப்பால். கேப்சைசின் கொழுப்பில் கரையும்.

புளித்தால் பாகு, திகட்டினால் எலுமிச்சை, அரை டீஸ்பூனாக. எதுவும் குறையவில்லை, ஆனாலும் சப்பென்று இருக்கிறது என்றால் உப்பை மறந்திருப்பீர்கள்.

ஆறு பேருக்கு, ஜக்கில்

பார்படோஸில் பஞ்சுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு பங்கு புளிப்பு, இரண்டு பங்கு இனிப்பு, மூன்று பங்கு ரம், நான்கு பங்கு சாறோ தண்ணீரோ. நினைவில் வைக்க எளிது, ஆனால் இனிப்பு என் நாக்குக்கு ரொம்ப ஜாஸ்தி. நம் அளவையே பெருக்குவோம்: ரம் 270 மி.லி., அன்னாசிச் சாறு 270, எலுமிச்சை 120, பாகு 90. ஜக்கைக் குலுக்க முடியாது; ஐஸ் கரைந்து வர வேண்டிய தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த குடிநீர் 180 மி.லி. சேருங்கள். மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். எலுமிச்சையைப் பரிமாறப் போகும்போது சேர்ப்பது நல்லது.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே காரம் ஒத்துவராது. 90 மி.லி. பாகில் பாதியைச் சாதாரணச் சர்க்கரைப் பாகாக ஊற்றிவிட்டு, மிளகாய்ப் பாகைச் சின்னக் கிண்ணத்தில் கரண்டியோடு பக்கத்தில் வைத்துவிடுங்கள். வேண்டியவர் கூட்டிக்கொள்ளட்டும்.

பார்வைக்கு இது அச்சாக அன்னாசி ஜூஸ். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜக்கை மேசையில் விட்டுவிட்டு நகரக் கூடாது. ஃப்ரிட்ஜில் மேல்தட்டில், எழுதி ஒட்டி வையுங்கள். மிச்சமானால் மறுநாளுக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்த்தால்

பீனா கொலாடாவின் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு: எலுமிச்சையை 10 மி.லி. ஆகக் குறைத்து, கெட்டியான முதல் பால் 30 மி.லி. சேருங்கள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், கரீபே ஹில்டன் ஹோட்டலில் 1954-இல் ராமோன் மர்ரேரோ அந்தப் பானத்தை உருவாக்கியதாக அந்த ஹோட்டல் சொல்கிறது. அங்கே இனிப்புச் சேர்த்த தேங்காய் கிரீமை ஊற்றுவார்கள். நமக்குப் பாகு இருப்பதால் இனிப்பில்லாத பாலே சரி. காரம் கணிசமாக அடங்கும், ஆகவே மிளகாய்ப் பாகை 20 மி.லி. வரை கூட்டலாம். குலுக்கியதும் குடித்துவிடுங்கள். நின்றால் திரிந்ததுபோலப் பிரியும்.

குடிக்கும்போது

45 மி.லி. ரம்மில் ஏறக்குறைய 15 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஐஸ் கரைந்தபின் கிளாசில் இருப்பது சுமார் 12 சதவீதம், ஒயின் அளவு. குளிர்ச்சியும் இனிப்பும் அதை மறைத்துவிடுவதால், ஜூஸ்போல மடமடவென்று குடிக்கத் தோன்றும். கிளாசுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் நடுவில் குடியுங்கள். இரண்டோடு நிறுத்துங்கள்.

வெறும் வயிற்றில் வேண்டாம். சைடிஷ்ஷாக மிளகாய்ப் பொடி தூவிய முறுக்கையும் காரப் பொரியையும் வைப்பது வழக்கம். இந்தப் பானத்தோடு அது சித்திரவதை. தேங்காய்ச் சில், அவித்த வேர்க்கடலை, வெள்ளரி, பனீர் வையுங்கள். யாருக்காவது வாய் எரிந்தால் பாலோ தயிரோ கொடுங்கள்.

மிளகாய் பட்ட கையை எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்பு. கழுவுமுன் கண்ணையோ கான்டாக்ட் லென்ஸையோ தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவுங்கள்; எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

அடுப்பு எரியும் மேடையில் ரம் பாட்டிலைத் திறக்காதீர்கள். ரம் நம்மூர் அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். பாகு சூடாக இருக்கும்போது ரம்மை அதில் ஊற்றுவது இன்னும் மோசம்.

வண்டி ஓட்டுபவருக்கு

இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த ஒரே கிளாஸ் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். 'ஒண்ணே ஒண்ணுதானே' என்ற பேச்சுக்கு இடமில்லை.

அவருக்கும், குடிக்காத மற்றவர்களுக்கும் இதே பானத்தை ரம் இல்லாமல் செய்யலாம். 45 மி.லி. ரம்முக்குப் பதில், இரண்டு கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய கட்டன் சாயா 45 மி.லி. ரம் கொடுக்கும் துவர்ப்பை டீ கொடுக்கும், நிறமும் கறுப்பு ரம் நிறமே. ஆல்கஹால் இல்லாததால் காரம் குறைவாகத் தெரியும். பாகை ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள். இதை முதலில் குலுக்குங்கள், ரம் பட்ட ஷேக்கரில் பிறகு செய்ய வேண்டாம். அன்றைக்கு ரம் உள்ள கிளாஸ்களுக்கு முழு வட்டமும் உப்பு விளிம்பு வையுங்கள், இந்தக் கிளாசுக்கு மட்டும் வைக்காதீர்கள். மாடி இருட்டில் கிளாஸ் மாறினாலும் உதட்டில் வைத்ததும் தெரிந்துவிடும்.